ஐலாந்தஸ் வந்த வழி

ராஜபாளையத்திலிருந்து சாத்தூர் வரைக்கும் உள்ள நாற்றுப் பண்ணைகளில் மரக்கன்று வாங்க வருகிறவர்கள் தங்களை அறியாமலே லத்தீன் பேசுகிறார்கள். "மீலியா டூபியா என்ன விலை?", "கிளைரிசிடியா போத்து கிடைக்குமா?", "ஐலாந்தஸ் வந்திருச்சா?" என்கிற கேள்விகளில் உள்ள பெயர்கள் எல்லாம் தாவரவியலாளர்கள் தாளில் எழுதிவைத்தவை. படித்த வட்டத்துக்கு மட்டும் என்று இருந்த சொற்கள் மானாவாரிக் கரிசல்காட்டுக்காரரின் நாக்கில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அவற்றில் மூன்றாவதன் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அது தீக்குச்சிக்கு ஆகும் மரம். சிவகாசி வட்டாரத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஊர்க்காரர்களுக்கு அது பெருமரம். பட்டையும் இலையும் வீசும் வாடையால் பீநாறி என்றும் சொல்வார்கள். அட்டையில் எழுதும்போது ஐலாந்தஸ் எக்செல்சா.

இந்தப் பெயரை ஒருவர் ஐலாந்தஸ் என்கிறார், இன்னொருவர் அய்லாண்டஸ் என்கிறார், ஆங்கில வழியில் படித்து வந்தவர் எய்லேந்தஸ் என்கிறார். இதில் எது சரி என்ற கேள்வி சின்னதாகத் தெரியலாம். ஆனால் மரம் பார்க்க, பறவை பார்க்க, பூச்சிகளைப் படம் எடுக்க என்று கூடுகிற ஆர்வலர்களோடு நடந்து பார்த்தால் அதன் கனம் தெரியும். தமிழ்வழியில் படித்த ஒருவர் செடியை மிகச் சரியாக அடையாளம் கண்டு, அறிவியல் பெயரையும் சொல்கிறார். பக்கத்தில் இருப்பவர் அந்தப் பெயரை வேறு மாதிரி, கொஞ்சம் அழுத்தி, திருப்பிச் சொல்கிறார். அவ்வளவுதான். முதலாமவர் அன்று முழுக்க அப்புறம் எந்தப் பெயரையும் வாய் திறந்து சொல்வதில்லை. காட்டை நன்றாக அறிந்தவர்கள் இப்படி ஊமையாவது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது. அவர்கள் வெட்கப்பட ஒரு காரணமும் இல்லை என்பதற்கு ஐலாந்தஸ் நடந்து வந்த பாதையே சாட்சி.

அந்தப் பாதை இந்தோனேசியாவின் கிழக்கே, மொலுக்கஸ் தீவுக் கூட்டத்தில் உள்ள ஆம்போன் என்ற சிறு தீவில் தொடங்குகிறது. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்ததால் டச்சுக்காரர்கள் விடாமல் பிடித்துவைத்திருந்த பகுதி அது. அங்கே வானுயர வளரும் ஒரு மரத்தை ஊர் மக்கள் தங்கள் மொழியில் வான்மரம் என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். 'ஐ' என்றால் மரம். ஐரோப்பியக் காதில் அந்தப் பெயர் 'ஐலாந்தோ' என்று விழுந்தது.

17ஆம் நூற்றாண்டில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலையாக ஆம்போனுக்கு வந்து, வாழ்நாள் முழுக்க அங்கேயே தங்கிவிட்டவர் கியோர்க் எபெர்ஹார்ட் ரம்ஃபியஸ். தீவின் செடிகொடிகளை எல்லாம் எழுதிவைக்க வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை. 1670இல் அவருக்குப் பார்வை போனது. 1674 பூகம்பத்தில் மனைவியும் ஒரு மகளும் இறந்தார்கள். 1687இல் நடந்த தீ விபத்தில், பல ஆண்டுகள் சேர்த்த படங்கள் சாம்பலாயின. மறுபடி படங்கள் வரையவைத்து, பிறரிடம் சொல்லி எழுதவைத்து, 1692இல் ஒரு பகுதியைக் கப்பலில் ஏற்றினால், பிரெஞ்சுக்காரர்கள் அந்தக் கப்பலை மூழ்கடித்துவிட்டார்கள். நல்லவேளையாக, பட்டேவியாவில் இருந்த கவர்னர் ஜெனரல் அதற்கு ஒரு நகல் எடுத்துவைத்திருந்தார். ரம்ஃபியஸ் 1702இல் காலமானார். புத்தகம் அச்சானது 1741க்கும் 1750க்கும் இடையில்தான், ஆம்ஸ்டர்டாமில். கண் தெரியாத ஒருவர் காதால் கேட்டு, தொட்டு, முகர்ந்து, வாயால் சொல்லி உருவாக்கிய நூல் என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதில் நம் மரத்தின் ஆம்போன் உறவினருக்கு 'ஆர்போர் கோய்லி', அதாவது வானத்து மரம், என்று பெயர். தீவுக்காரர்கள் சொன்னதை அவர் லத்தீனில் அப்படியே வைத்துவிட்டார்.

இதற்கிடையில் சீனாவிலிருந்து இன்னொரு கிளைக்கதை வருகிறது. பீக்கிங்கில் இருந்த பிரெஞ்சு இயேசு சபைத் துறவி தெய்ன்கார்வில், அரக்கு மரம் என்று நினைத்து ஒரு மரத்தின் விதைகளை 1740களில் பாரிஸுக்கு அனுப்பினார். முளைத்து வளர்ந்தது வேறு மரம். அதை என்னவென்று சொல்வது என்று ஐரோப்பியத் தோட்டங்கள் பல ஆண்டுகள் குழம்பின. கடைசியில் பாரிஸின் அரசத் தோட்டத்தில் பேராசிரியராக இருந்த ரெனே தெஃபோன்தேன், அதற்கென்று ஒரு புதிய பேரினம் வகுத்து 1788இல் வெளியிட்டார். பேரினத்துக்கு அவர் எடுத்த பெயர் அந்தத் தீவுச் சொல். ஆனால் நடுவில் ஒரு 'ஹெச்' சேர்ந்து ஐலாந்தஸ் ஆகிவிட்டது. கிரேக்கத்தில் 'ஆந்தோஸ்' என்றால் பூ. பூப்பெயர்கள் பல அந்த முடிவோடு இருப்பதால், தீவுச் சொல்லும் கிரேக்கப் பூவின் சாயலைப் பெற்றது. ஹெச் இல்லாமல் எழுதியவர்களும் உண்டு. முதலில் அச்சில் நின்ற எழுத்துக்கூட்டலே செல்லும் என்பது தாவரப் பெயரிடல் விதி. ஆகவே தப்பான அந்த ஹெச் இன்றைக்கும் அங்கேயே இருக்கிறது. உலகம் முழுக்கச் 'சரியான உச்சரிப்பு' கேட்கிறவர்கள், அந்தப் பெயரே ஒருவர் காதில் மாறி விழுந்து, இன்னொருவர் பேனாவில் மாறி எழுந்தது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

இந்த இடத்தில் நம் பக்கத்துச் சொல் ஒன்று தோற்றுப்போன கதையையும் சொல்ல வேண்டும். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில், கொச்சியின் டச்சுத் தளபதி வான் ரீடு, மலபார்க்காரர்கள் சொன்னபடி 'பொங்கேலியோன்' என்று ஒரு மரத்தைப் பதிந்திருந்தார். அது மேற்கு மலையின் ஈரக்காட்டில் வளரும் மட்டிமரம். பிசின் மட்டிப்பால் என்று ஊதுபத்திக்குப் போகிறதே, அதே மரம். இரட்டைப் பெயர் முறையைத் தந்த சுவீடன்காரர் லின்னேயஸ், கிரேக்கமோ லத்தீனோ அல்லாத சொற்களைப் பேரினப் பெயராக வைப்பதை வெறுத்தவர். பிரெஞ்சுக்காரரான அதான்சோன் அதற்கு நேர்மாறு. அந்தந்த ஊர்ச் சொற்களை மதித்துக் காப்பாற்றப் பார்த்தவர். 1763இல் அவர் இந்தப் பேரினத்துக்குப் பொங்கேலியோன் என்றே பெயர் வைத்தார். தெஃபோன்தேனுக்கு இருபத்தைந்து ஆண்டு முன்பு! முந்தியது வெல்ல வேண்டும் என்றால் சிவகாசிக் குச்சிமரம் இன்று பொங்கேலியோன் எக்செல்சம் என்றுதான் இருக்க வேண்டும். பியேர் என்ற தாவரவியலாளர் அப்படி எழுதியும் பார்த்தார். ஆனால் அதற்குள் ஐலாந்தஸ் என்ற பெயர் எங்கும் பரவிவிட்டதால், பழைய பெயரை ஒதுக்கி, புதியதைக் காப்பாற்றப்பட்ட பெயராகச் சட்டப் புத்தகத்தில் சேர்த்துவிட்டார்கள். மலபார்ச் சொல் போய், ஆம்போன் சொல் நின்றது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. இரண்டில் எது வென்றிருந்தாலும் அது ஐரோப்பாவின் சொல் அல்ல என்பதில் ஆறுதலும் உண்டு.

இனி, சோழமண்டலக் கரை. லின்னேயஸின் மாணவரான யோஹன் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார். தமிழ்நாட்டுச் செடிகளுக்கு லின்னேயஸ் முறையில் இரட்டைப் பெயர் வைக்கும் பழக்கம் அவரோடு இறங்கியது. அவரிடம் தொடர்பு வைத்துத் தாவரம் கற்றவர் வில்லியம் ராக்ஸ்பரோ, சென்னைக்கு 1776இல் வந்த ஸ்காட்லாந்துக்காரர். ஆந்திரக் கரையில் சாமல்கோட்டில் தோட்டம் போட்டு, இந்திய ஓவியர்களைக் கொண்டு செடிகளை வரையவைத்தார். அந்தப் படங்களோடு லண்டனில் 1795 முதல் வெளிவந்த 'கோரமண்டல் கரையின் தாவரங்கள்' நூலில்தான் பெருமரம் முதல்முறையாக ஐலாந்தஸ் எக்செல்சா ஆனது. எக்செல்சா என்றால் உயர்ந்தது. தெலுங்கில் அந்த மரம் பெத்தமானு, தமிழில் பெருமரம், ஆம்போனில் அதன் உறவினர் வான்மரம். இந்த மரத்தைப் பார்த்த எல்லோரும் முதலில் அண்ணாந்துதான் பார்த்திருக்கிறார்கள்.

லின்னேயஸ் பேசியது சுவீடன் லத்தீன். கோனிக் பிறந்தது பால்டிக் வட்டாரத்தில். ராக்ஸ்பரோ ஸ்காட்லாந்து. தெஃபோன்தேன் பிரெஞ்சு லத்தீன் பேசியவர். பிரெஞ்சில் இந்த மரத்தை இன்றும் 'எலாந்த்' என்பதுபோல ஒலிக்கிறார்கள். நால்வரும் ஒரே அறையில் உட்கார்ந்து செடிப் பெயர்களை உரக்கப் படித்திருந்தால் நாலு விதமாகக் கேட்டிருக்கும். எழுத்து மட்டும் ஒன்றாக இருந்திருக்கும். தாவரங்களுக்கான சர்வதேசச் சட்டம் பெயர் எந்த மொழியிலிருந்து வந்தாலும் அதை லத்தீனாகவே நடத்தச் சொல்கிறது; எழுத்துக்கூட்டலுக்கு விதிக்கு மேல் விதி போடுகிறது. எப்படி ஒலிக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. 'தாவரவியல் லத்தீன்' என்ற தலைசிறந்த கையேட்டை 1966இல் எழுதிய ஸ்டெர்ன் கூட, காதுக்கு இனிமையாகவும் கேட்பவருக்குப் புரிகிற மாதிரியும் இருந்தால் போதும் என்ற கருத்தையே சொன்னார்.

எக்செல்சாவையே எடுத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 'சி' என்ற எழுத்து ஆங்கிலேயர் வாயில் ஸ ஆகிறது. பழைய ரோமானிய ஒலியைப் பின்பற்றுவோர் அதைக் க ஆக்கி எக்ஸ்கெல்சா என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபை லத்தீனில் எக்ஷெல்சா. கிறிஸ்துமஸ் காலத்தில் சாட்சியாபுரம் பக்கம் கோயில்களில் பாடல்குழுக்கள் பாடும்போது 'எக்செல்சிஸ்' என்ற சொல் காதில் விழுந்திருக்கும். அது இதன் உடன்பிறப்பு. மூன்று ஒலிப்புக்கும் பின்னால் பெரிய பரம்பரை இருக்கிறது. ஒன்று மற்றதைத் தவறு என்று தள்ள முடியாது. ஆங்கில ஒலிப்பு ஒன்றே அறிவியல் ஒலிப்பு என்று நம் கல்லூரிகளில் பலர் நம்புவது பழக்கத்தால் வந்தது.

விதி இருக்கும் இடம் வேறு. ஐலாந்தஸ் என்று ஆண்பால் முடிவோடு இருக்கும் பேரினத்துக்கு எக்செல்சஸ் என்று வராமல் எக்செல்சா என்று பெண்பால் அடைமொழி ஏன் என்று நன்றாகப் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டும். ரோமானியர் மரங்களைப் பெண்ணாகப் பாவித்தார்கள்; முடிவு அஸ் என்று இருந்தாலும் அப்படித்தான். அதனால் சீனத்து மரம் ஐலாந்தஸ் ஆல்டிசிமா, மலபார் மரம் ஐலாந்தஸ் ட்ரைஃபைசா. இதை மாற்றி எழுதினால் பிழை. எய்லேந்தஸ் என்று சொன்னால் பிழையில்லை. ஐலாந்தஸ் என்று சொன்னாலும் பிழையில்லை. இன்னும் சொன்னால், ஆம்போன்காரர் வாயில் அது 'ஐ' என்றே தொடங்கியது. ஆங்கிலத்தின் எய்யைவிட நம் விவசாயியின் ஐ அந்தத் தீவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஒலிக்குத் தமிழில் தனியாக ஓர் எழுத்தே உண்டு.

சிவகாசிக்கு மரத்தின் தேவை வந்தது 1923க்குப் பிறகு. பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். மழை குறைந்த, வேலை குறைந்த மண்ணில் தீப்பெட்டி ஆபீசுகள் பெருகின. பட்டாசும் அச்சும் பின்னால் வந்தன. குச்சிக்கு ஆகிற மரம் வெளுப்பாக, மென்மையாக, நேரான இழையோடு இருக்க வேண்டும். மெழுகை உறிஞ்ச வேண்டும். பற்றிய தீ பொறி தெறிக்காமல் சீராகக் குச்சியில் இறங்க வேண்டும். பெருமரமும் மட்டியும் இந்தப் பரீட்சையில் தேறுபவை. கேரளத்து வீட்டுத் தோட்டங்களின் மட்டி குச்சியாகச் சீவப்பட்டு மலை தாண்டி வந்தது, வருகிறது. வறண்ட நிலத்துக்குப் பெருமரம்தான் தோது என்று மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி போன்ற இடங்கள் விவசாயிகளிடம் எடுத்துச் சொன்னபோது, 'ஐலாந்தஸ்' என்ற சொல்லும் துண்டறிக்கையில் ஏறி ஊருக்குள் வந்தது. இலையை வெள்ளாடு தின்னும் என்பது கூடுதல் லாபம்.

இங்கேதான் இரண்டாவது பெயரின் அவசியம் வருகிறது. வெறும் ஐலாந்தஸ் என்று கேட்டு வாங்கினால், கரிசலுக்கு ஏற்ற எக்செல்சாவும் கிடைக்கலாம், ஈரமலைக்கு உரிய ட்ரைஃபைசாவும் கிடைக்கலாம். கன்றாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்வது பழகாத கண்ணுக்குச் சுலபமில்லை. மீலியாவிலும் இதே சிக்கல். மலைவேம்பு மீலியா டூபியா. அழகுக்கு வைக்கும் அதன் தம்பி மீலியா அஸெடராக். டூபியாவா டியூபியாவா என்பதில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. டூபியாவா அஸெடராக்கா என்பதில்தான் ஆறேழு வருடத்து உழைப்பு இருக்கிறது.

பூச்சி ஆர்வலர்களுக்கும் இந்த மரம் ஒரு பள்ளிக்கூடம். இலைகளைப் பட்டுநூலால் பின்னிக் கூடுபோல் ஆக்கி உள்ளிருந்து தின்னும் புழு, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகள் உள்ள அழகான அந்துப்பூச்சியாக மாறும்: அட்டேவா ஃபாப்ரிசியெல்லா. இலையை மொட்டையடிக்கும் இன்னொன்று எலிக்மா நார்சிசஸ். தோட்டக்காரர் தன் கைபேசியில் எடுத்த படத்தை அனுப்ப, ஆர்வலர் ஒருவர் பெயரைச் சொல்ல, அந்தப் பெயரை வைத்து மருந்து பற்றி விசாரிக்க முடிகிறது. நார்சிசஸ் என்றாலும் நார்கிஸுஸ் என்றாலும் பூச்சி ஒன்றே.

சிவகாசி உள்ள இதே மாவட்டத்தின் இன்னொரு பெயரையும் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1988இல் சரணாலயம் அமைத்துக் காப்பாற்றுகிறோமே, ஸ்ரீவில்லிபுத்தூர் நரை அணில், அதன் பெயர் ரட்டூஃபா மக்ரூரா. இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த லோட்டன் கொண்டுபோன தொகுப்பை ஆதாரமாக வைத்து, தாமஸ் பெனன்ட் 1769இல் வெளியிட்டது. மக்ரூரா என்றால் நீள்வால். நம் மலையில் உள்ள துணையினத்துக்கு 1915இல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸும் ராட்டனும் வைத்த அடைமொழி 'தண்டோலேனா'. சிங்களத்தில் மலை அணிலுக்குத் தண்டுலேனா என்று பெயர். செண்பகத்தோப்பில் புளியமரத்து உச்சியில் கூடு கட்டும் அணில், சிங்களத்தை லத்தீன் உடுப்பில் சுமந்து திரிகிறது. இதை இலங்கைச் சிங்களவர் சொல்வதே அழகாக இருக்கும். அடுத்தபடி தமிழர் சொல்வது. லண்டன் உச்சரிப்புக்கு அங்கே முதலிடம் இல்லை. ஆள்பெயரால் வைத்த பெயர்களுக்கோ அந்த ஆளின் பெயர் ஒலிக்கிறபடி சொல்வது நல்ல மரியாதை. ராட்டன் என்பவர் ஆங்கிலத்தில் தன் பெயரை எழுதியபோது முன்னால் ஒரு டபிள்யூவும் நடுவில் ஒலிக்காத ஜி, ஹெச்சும் உண்டு. அவர் பெயர் தாங்கிய ஓடோமோப்ஸ் ராட்டனி வௌவாலை எழுத்துக்கூட்டிப் படித்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். மேகமலையில் 1948இல் பிடிபட்டு, 1972இல் பெயர் பெற்ற பழந்தின்னி வௌவால் லாட்டிடென்ஸ் சலீமலீ. அதில் சலீம் அலி கேட்க வேண்டும். மேல் மலைகளின் பல்லிகளுக்கு 2019இல் பெயர் வைத்தவர்கள் ஒன்றுக்கு டிராவிடோகெக்கோ தொல்பல்லி என்றே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சரியாகச் சொல்ல வெளிநாட்டு ஆய்வாளர் நம்மிடம் அல்லவா வர வேண்டும்!

பெயர்கள் எப்போதும் ஓர் ஆசிரியரின் வாயிலிருந்தே மாணவர் காதுக்குப் போகின்றன. 1963இல் தொடங்கிய சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவர்தான் ஏ.ஜே.டி. ஜான்சிங். நாங்குநேரியில் பிறந்த அவர், சிவகாசியிலிருந்து பந்திப்பூர் போய், செந்நாயை, குவோன் ஆல்பினஸை, காட்டில் பின்தொடர்ந்து ஆராய்ந்து உலகப் பெயர் பெற்றார். 2024இல் காலமானார். அவரிடம் படித்தவர்கள் செந்நாயின் பெயரை அவர் சொன்ன மாதிரியே சொல்வார்கள். பரம்பரை என்பது அதுதான். அதில் தென்மாவட்டத்துத் தமிழ் வாடை இருந்தால் அது குறை ஆகாது.

வடசொல் வந்தால் அதன் வடவெழுத்தை நீக்கி, நம் எழுத்தோடு பொருந்தவிட்டு ஏற்றுக்கொள்ளலாம் என்று தொல்காப்பியம் எச்சவியலில் வழி சொல்லியிருக்கிறது. ஆம்போன் சொல்லுக்கு ஹெச் போட்டு அஸ் ஒட்டித் தன்னோடு சேர்த்துக்கொண்ட லத்தீன் செய்ததும் அதே வேலை. ஆகவே ஐலாந்தஸ் என்று நாம் சொல்லும்போது இலக்கணம் எந்தப் பக்கமும் மீறப்படவில்லை.

நாற்றுப் பண்ணை வைத்திருப்பவர்களிடமும் ஆர்வலர் குழுக்களை நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். கன்றுப் பாத்திக்கு மேலே தொங்கும் அட்டையில் ஊர்ப்பெயரையும், அறிவியல் பெயரின் இரண்டு சொற்களையும், தமிழ் எழுத்தில் பெரிதாக எழுதுங்கள். ஆங்கில எழுத்தில் கூட்டலைச் சரிபார்த்துக் கீழே போடுங்கள். நடைப்பயணத்தில் ஒருவர் பெயர் சொன்னால் முதலில் செடி அதுதானா என்று பாருங்கள். அதுவாக இருந்தால் அவர் சொன்ன ஒலியிலேயே பேச்சைத் தொடருங்கள். நீங்கள் கன்று வாங்கப் போகிறவரானால் ஐலாந்தஸ் என்பதோடு நிறுத்தாதீர்கள். எக்செல்சாவா என்று கேட்டு, ஆமாம் என்ற பிறகு பணத்தை எடுங்கள்.